கடுகும் மலையும் சமமா?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் வாங்கி வந்த வெள்ளரிக்காயை நறுக்கும்போது மகள் கேட்டாள்: "இதைப் பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போகலாமா, அப்பா?"

பாட்டி குறுக்கிட்டார்: "முடிவில்லாமல் வெட்டலாம் என்றால் கடுகிலும் எண்ணற்ற துண்டுகள், மலையிலும் எண்ணற்ற துண்டுகள். இரண்டும் சமமாகிவிடாதோ?"

அணு உண்டு என்பதற்கு நம் நாட்டு வைசேஷிகத் தத்துவ அறிஞர்கள் அன்றே காட்டிய வாதம் இது!

கணக்கிடுவோமா? 20 செ.மீ. நீளத்தை 31 முறை பாதியாக்கினால் எஞ்சுவது ஏறத்தாழ ஓர் அணுவின் அகலமே. கத்தி அதற்கு வெகு முன்பே தோற்றுவிடும். அணுவும் முடிவன்று; அதனுள் அணுக்கரு இருப்பதை 1911-இல் ரூதர்ஃபோர்டு காட்டினார்.

இன்னொன்று: ½ + ¼ + ⅛ என்று எத்தனை துண்டுகளைக் கூட்டினாலும் 1-ஐத் தாண்டாது. அப்படியானால் கடுகு, மலை வாதம் சரியா? இன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் கேட்டுப் பாருங்கள், மாணவர்களே!