வாய் திறந்து தூங்கும் பிள்ளை

அன்று மலையடிவார ஊரான படவேட்டில் ஒரு பிள்ளை வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கினால், ‘ஆடின களைப்பு’ என்று விட்டுவிடுவார்கள். சளிக்குத் தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு. கூப்பிட்டது காதில் விழாவிட்டால் ‘திமிர்’, வகுப்பில் தூங்கி வழிந்தால் ‘மந்தம்’. மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே அடினாய்டு சதை பெருத்து மூச்சையும் காதுக்குப் போகும் குழாயையும் அடைத்திருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

இந்தச் சதையை 1868-இல் டென்மார்க் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் விவரித்தார். அதை எடுக்கும் வழியும் சொன்னார். அதன்பின் நெடுங்காலம் வைத்தியம் என்றாலே ஆபரேஷன்தான். மலையடிவாரத்துக் குடும்பத்துக்கு அது வேலூர்ப் பயணம், செலவு, பயம்.

இன்று காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு, மிகக் குறைந்த அளவில். சில வாரங்கள் விடாமல் அடித்தால் பல பிள்ளைகளுக்கு வீக்கம் வற்றுகிறது. வயது ஏற ஏறச் சதை தானாகவும் சுருங்கும். அமெரிக்காவில் 464 பிள்ளைகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தும் உடனே ஆபரேஷன் செய்யாமல் காத்திருந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை முடிவு சீரானது. டான்சிலோடு அடினாய்டையும் எடுத்தவர்களில் 79 விழுக்காடு. ஆக, பொறுக்கவும் இடமுண்டு, கத்திக்கும் இடமுண்டு.

ஆனால் ஸ்பிரே வாங்கினால் மட்டும் போதாது. முதலில் உப்புநீரால் மூக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். பிள்ளை தலையை லேசாகக் குனிய, முனையை மூக்கின் நடுத்தண்டுக்குக் காட்டாமல் அந்தந்தப் பக்கக் காதை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். நடுத்தண்டில் பட்டால் புண்ணாகி ரத்தம் கசியும். நாலு நாளில் ‘கேக்கலை’ என்று நிறுத்துவதுதான் பலர் செய்யும் தப்பு. கூடவே தரப்படும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை மனநிலையைப் பாதிக்கலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்து ஆணையம் கடுமையாக எச்சரித்தது. பிள்ளை எரிந்து விழுந்தாலோ, கெட்ட கனவில் அலறினாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் பீடிப் புகையும் விறகுப் புகையும் இருந்தால் எந்த மருந்தும் முழுசாகப் பலிக்காது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், காது மந்தம் மூன்று மாதம் தாண்டினால், மருத்துவர் ஆபரேஷன் சொல்லக்கூடும்; அப்போது தள்ளிப்போடாதீர்கள்.