கேம் மாற்றிய இன்ஜினின் ஐடில்: சென்சாரை எப்போது நம்பக்கூடாது?

அமெரிக்க வி8 வண்டிப் பிரியர்கள் பலர் இன்ஜினுக்குள் கை வைத்தால் முதலில் மாற்றுவது கேம்ஷாஃப்ட்டைத்தான். பவர் ஒரு காரணம். சிக்னலில் நிற்கும்போது வரும் அந்தத் தடுமாறும் "தட்... தட்தட்" சத்தம் இன்னொரு காரணம் (சிலருக்கு அதுதான் முதல் காரணம்!). மாற்றி முடித்துச் சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகும், நாலு குலுக்கு குலுக்கும், நின்றுவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்தால் ஓடும், காலை எடுத்தால் ஆஃப். இது வெறும் தொல்லை இல்லை. திருப்பத்தில் பிரேக் மிதிக்கும்போது இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்யூமும் சில மிதிகளில் தீர்ந்துவிடும்.

1998 முதல் 2002 வரை செவர்லே கேமரோவில் வந்த 5.7 லிட்டர் எல்எஸ்1 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். லிஃப்டர் 0.050 அங்குலம் எழும்பியிருக்கும் நேரத்தை மட்டும் எண்ணினால், கம்பெனி கேம் வால்வைத் திறந்து வைப்பது சுமார் 200 டிகிரி. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டின் உச்சங்களுக்கும் நடுவே சில வருட மாடல்களில் 116 டிகிரி இடைவெளி. வெளியே வாங்கும் கேம் ஒன்றில் இது 228, 232 என்றும், இடைவெளி 112 என்றும் இருக்கலாம். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்துக்கு ஓவர்லாப் என்று பெயர். கணக்குப் போட்டால் கம்பெனி கேமுக்கு மைனஸ் 32 டிகிரி, புதுசுக்கு பிளஸ் 6. பார்க்கச் சின்ன எண்கள்தான், ஆனா இந்த 38 டிகிரியில்தான் எல்லாக் கூத்தும் நடக்குது.

5000 ஆர்பிஎம்மில் ஓவர்லாப் நல்லது. வேகமாக வெளியேறும் புகை, புதுக் காற்றையும் பின்னாலேயே இழுத்துவிடும். ஐடிலில் கதை தலைகீழ். இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைவு, எக்ஸாஸ்டில் அதிகம். எனவே எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பி வருகிறது. அடுத்த சுற்றில் சிலிண்டருக்குள் பாதி பழைய சோறு மாதிரி எரிந்த வாயு கலந்திருக்கும். அது மெதுவாக எரியும், சில சமயம் எரியவே எரியாது. எரியாமல் மிஞ்சிய பெட்ரோலும் காற்றும் அடுத்த சுற்றுக்கும் கொஞ்சம் தங்கும், அந்தச் சுற்று பலமாக வெடிக்கும். ஒரு சுற்று சோகை, ஒரு சுற்று பலம். அந்தத் "தட்தட்" இதுதான்.

இப்போது கம்ப்யூட்டரின் நிலையைப் பாருங்க. முன்பு 35 கிலோபாஸ்கல் காட்டிய மேனிஃபோல்ட் சென்சார் இப்போது 50ஐத் தாண்டிக் காட்டும். பழைய டேபிளில் அந்த எண்ணுக்கு அர்த்தம் "இன்ஜின் லோடு இழுக்கிறது". ஆகவே பெட்ரோலைக் கூட்டும். காற்றை அளக்கும் ஹாட் வயர் சென்சாருக்கு, உள்ளே போகும் காற்றா திரும்பி வரும் காற்றா என்று தெரியாது. ஒரே காற்றை இரண்டு தடவை எண்ணும்.

சரி, ஆக்சிஜன் சென்சார் இருக்கே, அது திருத்தாதா என்று கேட்கலாம். அதுதான் பெரிய பொறி. சரியாக எரியாத சுற்றிலிருந்து பெட்ரோலும் வெளியே வருது, ஆக்சிஜனும் வருது. சென்சார் முக்கியமாகப் பார்ப்பது ஆக்சிஜனை. "பெட்ரோல் பத்தலை" என்று சொல்லும். கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும். கலவை ஏற்கெனவே அதிகம் என்றால் எரிதல் மேலும் கெடும், மிஞ்சும் ஆக்சிஜன் மேலும் கூடும். தப்பான மெட்ரிக்கை நம்பி சர்வரைக் கூட்டிக்கொண்டே போகும் ஆட்டோ-ஸ்கேலர் மாதிரிதான். பக்கத்தில் நிற்பவருக்குக் கண் எரியும், சென்சார் மட்டும் "பத்தலை, பத்தலை" என்று புலம்பும். விலை கூடிய வைட்பேண்ட் சென்சாரும் இதே ஏமாற்றுக்கு ஆளாகும்.

அதனால் ஐடிலில் இந்தத் திருத்தும் வளையத்தை நிறுத்திவிட்டு (எச்பி டியூனர்ஸ் மாதிரி மென்பொருளில் செய்யலாம்), பெட்ரோல் டேபிளைக் கையால் சரிசெய்வதே என் கட்சி. எதை வைத்து? மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்து. ஆர்பிஎம்மை ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால், ஓரிடத்தில் அழுத்தம் மிகக் குறைவாகவும் நிலையாகவும் நிற்கும். இன்ஜின் கேட்கும் கலவை அதுதான். கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் வாக்யூம் கேஜைப் பார்த்து மிக்ஸ்சர் ஸ்க்ரூ திருகிய அதே வேலை.

ஆனால் அதற்கு முன்பே காற்றைச் சரிசெய்திருக்க வேண்டும். புது கேமுக்கு ஐடிலில் கூடுதல் காற்று தேவை, ஆர்பிஎம்மும் நூறு இருநூறு ஏற்ற வேண்டியிருக்கும். கம்ப்யூட்டரின் ஐடில் வால்வு முழுக்கத் திறந்தும் போதவில்லை என்றால், திராட்டில் ஸ்க்ரூவைச் சற்று ஏற்றுவார்கள், அல்லது திராட்டில் தகட்டில் சின்ன ஓட்டை போடுவார்கள். வால்வுக்கு மேலும் கீழும் நகர இடம் மிஞ்சணும், அவ்வளவுதான். மிதமிஞ்சிப் போனால் காலை எடுத்தாலும் வண்டி வேகம் குறையாமல் தானே தள்ளிக்கொண்டு போகும்.

கடைசியாக ஸ்பார்க். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கலவை மெதுவாக எரிவதால் தீயை முன்கூட்டியே வைக்கணும்: 20 முதல் 28 டிகிரி வரை சாதாரணம். ஆனா அதிகபட்ச விசை கிடைக்கும் இடம் வரை போய்விடக் கூடாது, கொஞ்சம் கையிருப்பு வேண்டும். காரணம் வேகம். காற்றைக் கூட்டினால் அது மேனிஃபோல்டை நிரப்பிச் சிலிண்டருக்கு வந்து சேரப் பல சுற்று ஆகும். ஸ்பார்க்கை மாற்றினால் அடுத்த வெடிப்பிலேயே பலன். 850 ஆர்பிஎம்மில் எட்டு சிலிண்டருக்கு நொடிக்கு சுமார் 57 வெடிப்பு, அதாவது 18 மில்லிசெகண்டுக்கு ஒன்று. எனவே ஆர்பிஎம் விழுந்தால் சில டிகிரி கூட்டு, ஏறினால் குறை என்று ஒரு சின்ன டேபிள் இருக்கும். ஐடிலை உண்மையில் தாங்கிப் பிடிப்பது இதுதான். இந்தத் திருத்தத்தையும் அளவு மீறி வைத்தால் ஊசி 700க்கும் 1000க்கும் நடுவே ஊஞ்சலாடும். அப்போது பாதியாகக் குறைத்துப் பார்க்கவும்.

நிற்கிற வண்டியில் அழகாக ஓடினால் போதாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஏசியைப் போட்டு, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து, ஆட்டோமேட்டிக் என்றால் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றிப் பார்க்கணும். பிறகு ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளி, ஊசி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். 850ஐத் தொட்டு நின்றால் சரி. 500க்கு விழுந்து திணறி ஏறினால், ஸ்பார்க்கைத் தொடாமல் மறுபடி காற்று டேபிளிலிருந்து ஆரம்பிக்கணும்.