போனுக்குள் ஒரு படிக்கல்



மளிகைக் கடையில் ஒரு கிலோ படிக்கல் தேய்ந்து போயிருந்தால் என்ன ஆகும்? அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாமே தப்பா வரும். தராசு நல்லா இருந்தும் பிரயோஜனமில்லை. அதனாலதான் படிக்கல்லில் அரசு முத்திரை குத்துகிறார்கள். செல்போனுக்குள்ளேயும் ஒரு படிக்கல் இருக்கு. அது இரும்பு இல்லை, மின்னழுத்தம். அளவு சுமார் 1.2 வோல்ட்.

எங்க வீட்டில் இருப்பது ஒரே ஒரு பட்டன் போன். வெளியூரில் வேலை பார்க்கிற அப்பா ராத்திரி அதில்தான் பேசுவார். போன வருஷம் அதோட பேட்டரி உப்பி, பின்மூடியே கழன்று வந்துவிட்டது. பேட்டரி வயசானாலும் உப்பும், சூடு பட்டாலும் உப்பும், அளவுக்கு மேல மின்னழுத்தம் ஏறினாலும் உப்பும். இதில் கடைசியைத் தடுப்பது போனுக்குள் இருக்கிற சிப்போட வேலை. சார்ஜரில் இருந்து வருவது 5 வோல்ட். பட்டன் போன் பேட்டரி 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். (சில புதிய போன்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம்.)

சிப்புக்கு 4.2 வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்? பேட்டரி மின்னழுத்தத்தை இரண்டு மின்தடைகளை வைத்து மூன்றரையில் ஒரு பங்காகக் குறைக்கும். அதைப் படிக்கல்லோடு ஒப்பிடும். 1.2-ஐத் தொட்டதும், மேலே ஏற விடாது. படிக்கல் 1 சதவீதம் பிசகினால் 4.2 என்பது 4.24 ஆகிவிடும். அதுக்கு மேல பிசகக் கூடாது.

இங்கேதான் கஷ்டமே. போன் வெயிலில் கிடக்கும், அடுப்பு மேடையில் கிடக்கும். சிலிக்கானில் செய்த எதுவும் சூடு பட்டால் மாறும். ஒரு டயோடில் சுமார் 0.6 வோல்ட் இருக்கும். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அது 2 மில்லிவோல்ட் குறையும். அப்போ மாறாத படிக்கல்லுக்கு எங்கே போவது?

மாறுகிற இன்னொன்றைத் தேடிப் பிடித்தார்கள்! இரண்டு டிரான்சிஸ்டர். ஒன்று சின்னது, மற்றது 8 மடங்கு பெரியது. இரண்டிலும் ஒரே அளவு மின்னோட்டம். இரண்டுக்கும் நடுவில் 54 மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். இந்த வித்தியாசம் சூட்டில் கூடும், டிகிரிக்கு 0.18 மில்லிவோல்ட். அதை 11 மடங்கு பெருக்கினால் சுமார் 0.6 வோல்ட், டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் ஏற்றம். இதை டயோடோட 0.6-உடன் கூட்டுங்கள். அக்கா உண்டியலில் இருந்து தினம் 2 ரூபாய் எடுக்கிறாள், தம்பி தினம் 2 ரூபாய் போடுகிறான். உண்டியலில் இருப்பது மாறுமா? 1.2 அப்படியே நிற்கும்.

இந்த யோசனையை 1964-இல் டேவிட் ஹில்பைபர் சொன்னார். 1971-இல் அமெரிக்காவின் பாப் விட்லர், ஒரே சிப்புக்குள் அடங்குகிற மாதிரி செய்து வெளியிட்டார். அவர் சேட்டைக்காரர். கம்பெனியில் புல் வெட்டுவதை நிறுத்திட்டாங்கன்னு ஓர் ஆட்டையே கொண்டுவந்து மேயவிட்டாராம்! எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

ஹெட்போன் மைக்குக்கும் மின்சாரம் வேணும். அதற்குள் குட்டி டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கு. போன் அதுக்கு ஒரு மின்தடை வழியாக சுமார் 2 வோல்ட் கொடுத்து, வேலை செய்யத் தயார் நிலையில் வைக்கும். இதைத்தான் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் 'சார்பு' என்கிறார்கள், ரிப்பேர் கடையில் 'பயாஸ்'. இந்த 2 வோல்ட்டும் படிக்கல்லைப் பார்த்துத்தான் வருது. அது ஆடினால் நம்ம குரலோடு இரைச்சலும் சேர்ந்து போகும். ஒயரில் இருக்கிற பட்டனை அழுத்தினால் அந்த 2 வோல்ட் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். உடனே போன் அழைப்பை எடுக்கும்.

சூட்டில் மாறுவதை நீங்களும் பார்க்கலாம். ஆய்வகத்து மல்டிமீட்டரை டயோடு குறியில் வைத்து ஒரு 4007 டயோடை மாட்டுங்கள். நாங்கள் பார்த்தபோது 574 காட்டியது. விரலால் அரை நிமிஷம் பிடித்ததும் 562. விட்டதும் மெதுவா ஏறிச்சு. சனிக்கிழமை பால் ஐஸ் வாங்கி வந்து அதில் வைத்துப் பார்க்கப் போகிறோம். மிச்ச ஐஸ் யாருக்குன்னு இப்பவே சண்டை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி