உங்களுக்குத் தெரியுமா? பழைய காரின் அடிப்பக்கத்துக்கு என்ன நிறம்?

● மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் ஏ40ஐயோ திருத்தி எடுக்கிறவர்கள் மேல் நிறத்துக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள். சஸ்பென்ஷனுக்கு வரும்போது, “கறுப்பை அடி” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் திருகோணமலையில் துரு காரைத் தின்னத் தொடங்குவது கீழே இருந்துதான். வாடைக்காற்று கடலிலிருந்து நேரே ஊருக்குள் வீசும். கூடவே உப்பும் வரும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கு அவ்வளவு ஈரமும் தேவையில்லை. மழை இல்லாத நாளிலும் சில்லுக்குப் பின்னால் ஈரம் பிடித்திருப்பது அதனால்தான்.

● அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. தயாரிப்பு பத்து இலட்சத்தை எட்டியதைக் கொண்டாட 350 கார்களுக்கு இளம் ஊதா நிறம் பூசினார்கள். அடிப்பாகத்துக்கு அந்தக் காலத்து ஆலைகள் பெரும்பாலும் மலிவான கறுப்பையே அடித்தன. ஆகவே “அசல் போலவே வேண்டும்” என்பவர் கேட்பது மெல்லிய கறுப்புப் பூச்சு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அது அதிக காலம் நிற்காது.

● போர்க்கப்பலுக்குச் சாம்பல் நிறம் அடிப்பது கடலில் கண்ணில் படாமல் இருக்க. அதே வெளிர் சாம்பலைக் காரின் அடியில் அடித்தால் எல்லாமே கண்ணில் படும்: ஒயில் கசிவு, துருக்கோடு, மயிரிழை வெடிப்பு. கறுப்பில் இவை தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த ஊருக்குச் சாம்பல்தான்.

● அந்தச் சாம்பலுக்குள் இருக்கும் வெள்ளையின் மூலப்பொருள் நம் மாவட்டத்திலேயே கிடக்கிறது. புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைற்றிலிருந்து பெயின்ற் உலகின் முதன்மை வெள்ளையான டைற்றேனியம் டையொக்சைட் எடுக்கிறார்கள். கறுப்பு மணலிலிருந்து தூய வெள்ளை! நாம் மணலை ஏற்றுமதி செய்கிறோம். பெயின்றை ரின்னில் வாங்குகிறோம்.

● மைனரின் முன்பக்கத்தில் கொயில் ஸ்பிறிங் கிடையாது. நீளவாக்கில் படுத்திருக்கும் ரோர்ஷன் பார் என்ற உருக்குத் தண்டு முறுகியே பாரத்தைத் தாங்குகிறது. இதற்கு நிறத்தைவிடத் தோல் முக்கியம். சுத்தியல் பட்ட சின்னக் காயம், துரு தோண்டிய ஒரு புள்ளி போதும். வெடிப்பு அங்கேதான் பிறக்கும். இடது வலதையும் மாற்றிப் பூட்டக்கூடாது, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து முறுக்குக்கே பழகியது. கழற்றும்போது அடையாளம் வைக்கச் சில பாஸ்மார் பஞ்ச் உளியை எடுத்துத் தட்டுவார்கள். வேண்டாம், ஒரு பொட்டுப் பெயின்ற் போதும்.

● பொட்டு என்றதும் இன்னொன்று. ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்களின் முன்சில்லுக்குக் கொயில் ஸ்பிறிங் உண்டு. பழைய ஸ்பிறிங்கில் மங்கலாக ஒரு நிறக்கோடு தெரிந்தால் அதைச் சுரண்டுமுன் படம் எடுத்து வையுங்கள். எவ்வளவு பாரம் தாங்கும், எந்தத் தரம் என்பதைத் தயாரிப்பாளர்கள் அப்படிக் குறிப்பதுண்டு. இரண்டு பக்கமும் ஒரே குறி இல்லாவிட்டால் கார் சரிந்து நிற்கக்கூடும்.

● பளபளக்கட்டும் என்று ஸ்பிறிங்குக்குக் குரோம் முலாம் போடுகிறீர்களா? மின்முலாம் பூசும்போது ஐதரசன் உருக்குக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கும். பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 பாகை செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்கில் வைத்து ஐதரசனை வெளியேற்ற வேண்டும். அந்த வசதி இல்லாத பட்டறையில் கொடுத்தால், மின்னிய ஸ்பிறிங் ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும்.

● பவுடர் கோட்டிங் சில்லைத் தாங்கும் ஆர்ம்களுக்கு நல்லது, தடிப்பானது, அழகானது. ஆனால் கல் தெறித்து ஓரிடம் உரிந்தால் துரு அதற்கடியில் ஒளிந்துகொண்டு ஊரும். மேலே தோல் புதிதாகவே இருக்கும். போல்ற் இறுகும் முகங்களை மறைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இல்லையேல் தடித்த பூச்சு நாளடைவில் நசிந்து போல்ற் தளரும். கிறீஸ் நிப்பிள்களையும் மூடிவிடாதீர்கள், மைனரின் முன் திருகுமூட்டு கிறீஸ் காணாமல் தேய்ந்தால் சில்லே மடிந்துவிடும். ஒயில் உள்ள பழைய ஆம்ஸ்ரோங் ஷொக் அப்சோபரைப் பவுடர் சுடும் அடுப்புக்குள் வைத்தால் சீல் போய்விடும். அதற்குக் கையால் அடிக்கும் பெயின்ற்தான்.

● கடற்கரை மணலை வைத்துச் சாண்ட் பிளாஸ்ட் செய்யலாமா? கூடவே கூடாது. மணலோடு உப்பும் போய் உருக்கின் குழிகளுக்குள் இறங்கும். எவ்வளவு விலைக்குப் பெயின்ற் வாங்கினாலும் கொப்பளிக்கும். பறக்கும் சிலிக்காத் தூள் செய்கிறவரின் நுரையீரலைக் கெடுக்கும். வார்ப்பிரும்புத் துப்புரவுக்கு மணல் ஊதுவதைப் பிரித்தானியா 1949ஆம் ஆண்டின் விதியிலேயே தடுத்துவிட்டது.

● பின்பக்க லீஃப் ஸ்பிறிங் தகடுகளுக்கு நடுவே தடிப்பாகப் பெயின்ற் அடித்தால் அவை ஒட்டிக்கொண்டு வழுக்க மறுக்கும். பழைய ஆட்கள் கிறபைற் கலந்த கிறீஸ் பூசுவார்கள். கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் தோண்டுகிற காரீயம்தான் அது. தூய்மையில் உலகிலேயே பெயர்பெற்றது.

● அடியில் பழைய எஞ்சின் ஒயிலை விசிறிவிட்டால் துரு பிடிக்காது என்பது பலருடைய நம்பிக்கை. உருக்குக்குக் கொஞ்சம் உதவும். ஆனால் இயற்கை இறப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கெடுக்கும். புஷ்ஷைப் பூட்டவும் ஒயில் வேண்டாம், சவர்க்கார நீர் போதும்.

● 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர், அந்தக் காரின் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கத் தொடங்கினார். இங்கே செய்த பாகங்கள் பிரித்தானியாவுக்கே போயின.

● 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை வாகனங்கள் பாதை எனும் மிதவையில் ஏறித்தான் உப்புநீரைக் கடந்து அக்கரை போயின. அந்த நாட்களில் கிண்ணியாவுக்குப் போய்வந்த பழைய கார் விலைக்கு வந்தால், மேலே பார்க்காமல் ஜக்கில் தூக்கி அடியைப் பாருங்கள்.

● பூசும் காலமும் பார்க்க வேண்டும். உருக்கின் சூடு காற்றின் பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூட இருந்தால்தான் பூச்சு பிடிக்கும். மாரி தொடங்குமுன், கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் செய்யுங்கள். முதலில் நன்னீரால் உப்புப்போகக் கழுவிக் காயவிட்டு, துருவை எடுத்த அன்றைக்கே பிறைமர் அடியுங்கள். காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் மேல் நிறத்தை விட்டுவிடுங்கள். நாகம் கலந்த பிறைமர் இரண்டு கோட் அடிக்காமல் காரைக் கராஜிலிருந்து எடுக்காதீர்கள்.