குளிருக்கு எழுபது முத்து

மார்கழிக் காலையில் காளப்பநாயக்கன்பட்டியில் நின்று பார்த்தால், கொல்லிமலையே பனிமூட்டத்தில் மறைந்து கிடப்பதுண்டு. இருமலுக்குப் பயந்து குழந்தைகளை வீட்டுக்குள் பிடித்து வைக்கும் தாய்மார்களின் பாடு சொல்லி முடியாது!

பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்குங்கள். பலகை இல்லையா? தரையில் சாக்குக் கட்டியால் இரண்டு வரிசையாக 14 வட்டங்கள் போட்டால் போயிற்று. குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் மலைப் பாதையிலும் கொண்டை ஊசி வளைவுகள் 70தான்! இதைச் சொல்லிப் பாருங்கள். பையன்கள் முத்துக்கு ஒரு வளைவாக பஸ் ஓட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளலாம். அது வெறுங்குழியானால், அதற்கும் அடுத்ததில் உள்ளது ஆடுபவருக்கு. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’. அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்வார். கணக்குத் தானே வந்துவிடும். சிணுங்காமல் தோற்பதுதான் வர நாளாகும்!

ஒரு விஷயத்தில் மாத்திரம் கண்டிப்பு வேண்டும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை முத்தாக வைக்காதீர்கள். செக்கச் செவேலென்று கறுப்புப் பொட்டிட்ட அந்த விதைக்குள் அப்ரின் என்னும் கொடிய விஷம் இருக்கிறது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாயில் போட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே, கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மிச்ச விதையையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட பொடிசுகளுக்குப் புளியங்கொட்டையும் ஆகாது. மூச்சுக் குழாயை அடைத்துவிடும். அவர்கள் பாட்டி மடியிலிருந்து வேடிக்கை பார்க்கட்டும். ஆட்டம் முடிந்ததும் 70 முத்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பெட்டியில் போட்டு மூடுங்கள்.