பறக்கும் யானையின் உறுப்புக்கள்

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பது நம் முதுமொழி. வானிற் பறக்கும் யானைக்கும் அது பொருந்துமோ என ஈண்டு ஆராய்வாம்.

லிபறேற்றர் என்னும் குண்டுவீச்சு விமானம் நம்மூருக்குப் புதியதன்று. பிரித்தானிய விமானப்படையின் 160 ஆம் அணி, 1944 இல் நம் பலாலித் தளத்திலிருந்து இவ்விமானங்களைச் செலுத்தியது. அத்தளம் அந்நாளிற் காங்கேசன்துறைத் தளமென வழங்கிற்று. நான்கு இயந்திரங்களும் 110 அடிச் சிறகும் உடைய இவ்வகை விமானங்கள் அமெரிக்காவில் 18,000க்கு மேற் செய்யப்பட்டன. 1945 உடன் அவ்வாக்கம் நின்றது.

போர் முடிந்தபின் இந்தியாவிலிருந்த லிபறேற்றர்கள் கான்பூரிற் கைவிடப்பட்டன. மீண்டும் பறவாதபடி வேண்டுமென்றே சிதைக்கவும்பட்டன. அவற்றைச் செப்பனிடும் பணியைப் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை ஏற்றது. பறக்குமளவிற்குத் திருத்தப்பட்டவற்றைப் பெங்களூருக்குச் செலுத்தி வந்தவர் அத்தொழிற்சாலை விமானி ஜம்ஷெட் முன்ஷி. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5 ஆம் அணி இவ்விமானங்களுடன் தொடங்கிற்று. 1968 வரை, இருபது ஆண்டுகள், அவை பணிபுரிந்தன.

செய்வார் கைவிட்ட பொறிக்கு உறுப்புக் கிடைப்பது எங்ஙனம்? வழி மூன்று. சேமித்ததை எடுத்தல் ஒன்று. பழுதுற்றதன் நல்லுறுப்பைக் கழற்றிப் பிறிதொன்றிற் பூட்டுதல் மற்றொன்று. புதிதாகச் செய்துகொள்ளல் பிறிதொன்று. கான்பூரிற் பறக்க இயலாது கிடந்தவை, பறப்பனவற்றிற்கு உறுப்பு வழங்கின. டக்கோட்டா விமானத்திலும் அதே குடும்பத்து 14 உருளை இயந்திரமே இருந்தமையால், அதனைப் பேணும் கைப்பழக்கமும் தொழிற்சாலையில் இருந்தது.

எனினும் பழைய உறுப்பெல்லாம் நல்லுறுப்பாகா. உலோகம் பறந்த மணிக்கணக்கிற் களைப்புறும்; கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புக் காணும். இறப்பரோ பறவாது களஞ்சியத்திற் கிடப்பினும் இறுகிப் பிளக்கும். எனவே ஒவ்வோர் உறுப்பும் எங்கிருந்து வந்தது, எத்தனை மணி உழைத்தது, யார் பரிசோதித்து ஒப்பமிட்டார் என்பன பதிவேட்டில் இருத்தல் வேண்டும். பதிவில்லா உறுப்பு எத்துணைப் பளபளப்பாயினும் நம்பத்தக்கதன்று.

1990களிற் பொருளாதாரத் தடையுள் வாழ்ந்த நாம், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்த நம் கைவினைஞரை மறவோம். அவர்தம் மதிநுட்பம் போற்றற்குரியது. ஆயினும் கார் பழுதுற்றால் தெருவோரத்தில் நிற்கும்; விமானம் நிற்க வானில் ஓரமில்லை. அங்கே மதிநுட்பத்தோடு, பொய்யாத பதிவேடும் வேண்டும். தொழிற்கல்வி நாடும் நம் மாணவர் இவ்வேறுபாட்டை உளங்கொள்வாராக.

பிரித்தானியர் சிதைத்துச் சென்ற அவ்விமானங்களுள் ஒன்று, இந்தியாவின் கொடையாக, இன்று அவர்தம் விமானப்படைக் காட்சிச்சாலையிலேயே நிற்கிறது. மற்றொன்று புது தில்லிப் பாலத்தில் உள்ளது. இறந்த யானை ஆயிரம் பொன் பெற்றது. அப்பொன்னை அதற்கு ஈட்டித் தந்தவர், ஆணியொன்றையும் அலட்சியம் செய்யாத தொழிலாளரே.