வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும்

2014 ஜூன் 8. இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், பியாஸ் ஆற்றங்கரையில் ஹைதராபாத் பொறியியல் கல்லூரி ஒன்றின் சுற்றுலாக் குழு இறங்கியது. ஆற்றில் தண்ணீர் குறைவு. நடுவே பாறைகள் துருத்திக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஏறி நின்று மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே லார்ஜி நீர்மின் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. சில நிமிடங்களில் பாறைகளைக் காணவில்லை. மாணவ மாணவியர் 24 பேரையும் உடன் வந்த சுற்றுலா ஊழியர் ஒருவரையும் ஆறு கொண்டுபோனது. உடல்களைத் தேடவே வாரக்கணக்கில் ஆனது.

‘இந்தப் பிள்ளைகளை யார் ஆற்றில் இறங்கச் சொன்னது?’ இப்படியொரு செய்தி வந்தால் டீக்கடையில் முதலில் எழும் கேள்வி இதுதான். இமாச்சல் உயர் நீதிமன்றம் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தண்ணீரைத் திறந்தவர்கள் கீழே இருந்தவர்களை முறையாக எச்சரித்தார்களா, அழைத்துவந்தவர்கள் பொறுப்பாக நடந்தார்களா என்று விசாரித்தது. 2016 ஜனவரியில் வந்த தீர்ப்பின்படி, இறந்த மாணவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாயும் வட்டியும் கொடுக்க வேண்டும். பெரும்பங்கு மின்வாரியத்தின் தலையில் விழுந்தது. கல்லூரியும் மாநில அரசும் மீதியைக் கட்ட வேண்டியிருந்தது. இழந்த பிள்ளைக்கு அது ஈடாகாது. ஆனாலும் ‘விதி’ என்று மூடிவிடப் பார்த்த கணக்கை அந்தத் தீர்ப்பு மறுபடி திறந்தது.

மலை இடுக்குகளில் நடக்கப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம், அங்கே ஆபத்து கண்ணுக்கெட்டாத இடத்தில் உருவாகிறது என்பது. சமவெளியில் ஆறு பெருகினால் அகலமாகப் பரவும். இருபுறமும் செங்குத்துப் பாறை நின்றால் பரவ வழியில்லை. தண்ணீர் உயர்ந்துதான் ஆக வேண்டும். மழை பல கிலோமீட்டர் மேலே பெய்திருக்கும், நிற்கும் இடத்தில் வெயில் காயும். அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் 2015 செப்டம்பர் 14 அன்று விநாடிக்கு 55 கன அடியாக ஓடிய வர்ஜின் ஆற்றுக் கிளை, 15 நிமிடத்தில் 2,630 கன அடியாகப் பெருகியது. அன்று அங்கே ‘கீஹோல்’ என்ற குறுகிய இடுக்கில் இறங்கிய ஏழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, வெள்ள எச்சரிக்கையையும் கேட்டுக்கொண்டு போனவர்கள் அவர்கள்.

நம் பக்கமும் இதற்கு விலக்கல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த காட்டாற்று வெள்ளம், குளித்துக்கொண்டிருந்த 17 வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது. மலைமேல் கொட்டிய மழைதான் காரணம்.

வெள்ளம் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும், கேட்பதற்கு ஆள் வேண்டும். தெளிந்த ஓடை கலங்கிச் செந்நிறமாகும். சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வரும். மேலிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல் கேட்கும். ‘தண்ணி கலங்குது’ என்று உள்ளூர் வழிகாட்டி சொன்னால் பையை எடுக்கக்கூடத் திரும்பக் கூடாது. ஓடையோடு கீழே ஓடுவதும் வீண். தண்ணீரை யாராலும் முந்த முடியாது. பக்கவாட்டில் மேலே ஏற வேண்டும். ஏற வழியில்லாத இடுக்கு என்றால், வானிலை மையம் மஞ்சள் எச்சரிக்கை கொடுத்த நாளிலேயே அங்கே காலை வைத்திருக்கக் கூடாது. வானிலைத் துறையின் மவுசம் செயலியில் மாவட்ட எச்சரிக்கையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்க வேண்டியது நடக்கும் ஊரை மட்டுமல்ல, ஆறு பிறக்கும் ஊரையும்.

பாறை முகடுகளின் கதை வேறு. விளிம்பில் பாசியும் உதிர்கல்லும் இருக்கும். செல்ஃபிக்காகப் பின்னால் எடுத்துவைக்கும் ஓரடி போதும். செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ கூடு தொங்கும் இடத்தில் புகை, கூச்சல், கல்லெறிதல் எதுவும் ஆகாது.

இனி அனுமதி. வனத்துறைச் சீட்டைச் சுங்கச்சாவடி ரசீது போல நினைப்பவர்கள் அதிகம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். இரு சரிவுக்கு நடுவிலுள்ள பள்ளம் அதைப் புகைபோக்கி மாதிரி இழுக்கும். அனுமதி இருந்தது டாப் ஸ்டேஷன் பாதைக்கு, போனது கொழுக்குமலைக்கு என்று பிறகு தெரியவந்தது. கிளம்பும் முன் எத்தனை பேர் அந்தச் சீட்டை வாங்கிப் படித்திருப்பார்கள்?

அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024-ல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இணையப் பதிவுக்குத் திறக்கப்பட்டன; பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். தீக்காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகள் மூடப்படும். அந்த நாட்களில் ‘நமக்குத் தெரிஞ்ச ரேஞ்சர் இருக்காரு’ என்று யாராவது கூப்பிட்டால், அவரைத் தவிர்ப்பதே நல்லது. அனுமதியின்றிக் காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ நுழைவது குற்றம். பிறகு ஏதாவது நேர்ந்தால், காப்பீடு கேட்கும்போதும் இழப்பீடு கேட்கும்போதும் அது நமக்கு எதிராகவே பேசும்.

பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும் நிறுவனங்களின் பொறுப்பு என்ன? 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இண்டர்லாக்கன் அருகே சாக்செட்டன் ஓடையின் இடுக்கில் இறங்கியவர்கள் மேல் புயல்மழை வெள்ளம் பாய்ந்து 21 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் வழிகாட்டிகள். நிறுவனத்தைச் சேர்ந்த ஆறு பேர் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என 2001-ல் தீர்ப்பானது. சட்டமும் மாறியது. 2014 முதல் அந்நாட்டில் இத்தகைய சாகசத் தொழிலுக்கு உரிமமும், குறைந்தது 50 லட்சம் ஃபிராங்குக்குப் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். இந்தியாவில் சுற்றுலா அமைச்சகத்தின் வழிகாட்டுதல்களும் சில மாநில விதிகளும் உண்டு. நாடு முழுமைக்கும் பொருந்தும் அத்தகைய சட்டம் இல்லை. இது வெட்கப்பட வேண்டிய குறை.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. புறப்படும் இடத்தில் அவசர அவசரமாக ஒரு தாள் நீட்டுவார்கள். ‘என்ன நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டதால் எல்லா உரிமையும் போய்விட்டது என்று பலர் நம்புகிறார்கள். நிறுவனங்களுக்கு வசதியான நம்பிக்கை அது. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பது பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்; தனியார் தாள் ஒன்றால் அந்த வழக்கைத் தடுக்க முடியாது. காட்டில் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலும் இலவசம்.

நஷ்ட ஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதைத் தனியாக வரையறுக்கிறது. அந்த வகைப் புகாரை மாநில ஆணையம் கேட்கும். சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட ஆணையம் போதும். மணாலியில் நடந்ததற்கு மணாலிக்கு அலைய வேண்டியதில்லை, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

வழக்கு நிற்பது ஆதாரத்தில். வாட்ஸ்அப் விளம்பரம், பணம் செலுத்திய விவரம், அனுமதிச் சீட்டின் நகல், அன்றைய வானிலை எச்சரிக்கை எல்லாம் கையில் இருக்க வேண்டும். பணம் கட்டும் முன்பே எந்தப் பாதைக்கு அனுமதி, எச்சரிக்கை வந்தால் ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு, பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டுத் தாளில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் சேர்த்து, வீட்டில் ஒருவருக்கு அடிவாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். அதற்கு மேலே பெரும்பாலும் சிக்னல் இருக்காது.